ஒரே ஊசி, இரண்டு கெடு: சென்னை நாய் உரிமமும் ஆண்டுதோறும் ரேபீஸ் தடுப்பூசியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2025 நவம்பரில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய் உரிமத்தை இறுக்கிப் பிடித்தது. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம், மைக்ரோசிப் கட்டாயம் என்று அறிவித்தது. கெடு முதலில் நவம்பரில் இருந்தது. பிறகு டிசம்பருக்குத் தள்ளிப் போனது. அந்த வாரங்களில் நாய் வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி அபராதத்தைப் பற்றியது மட்டுமல்ல. "போன வருஷம்தானே ரேபீஸ் ஊசி போட்டோம், அது மூணு வருஷம் தாங்கும்னு சொல்றாங்களே, திரும்ப எதுக்கு?" என்பதும்தான்.

கேள்வி நியாயமானது. அதற்கான விடை மருந்தின் லேபிளில் பாதியும், நகரத்தின் தெருவில் மீதியும் இருக்கிறது. நாயின் உடம்பில் ஓடும் கணக்கு ஒன்று, சான்றிதழில் ஓடும் கணக்கு வேறொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதைவிட மோசமாக, பாதுகாப்பு இல்லாத நாய் பாதுகாப்போடு இருப்பதாக வீட்டார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

விதி கேட்பது என்ன

உரிமம் புதிய விதி இல்லை. மாநகராட்சியின் இணையதளத்தில் 50 ரூபாய் கட்டி வாங்கும் ஏற்பாடு இந்த அறிவிப்புக்கு முன்பே இருந்தது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகுதான் நகரம் அந்த விதியைத் தூசு தட்டி எடுத்தது. உரிமம் ஓராண்டுக்குச் செல்லும். உரிமையாளரின் படம், முகவரிச் சான்று, நாயின் படம், பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் தந்த ரேபீஸ் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். இப்போது அவற்றோடு மைக்ரோசிப் எண்ணும் சேர்ந்திருக்கிறது. புளியந்தோப்பு, திரு.வி.க. நகர், லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை ஆகிய இடங்களில் உள்ள மாநகராட்சிச் செல்லப்பிராணி மருத்துவ மையங்களில் ஊசியும் போடுகிறார்கள், சிப்பும் பொருத்துகிறார்கள்.

உரிமம் ஓராண்டு என்பதாலும், இங்கே கால்நடை மருத்துவர்கள் அடுத்த ஊசித் தேதியைப் பெரும்பாலும் ஓராண்டு தள்ளியே எழுதுவதாலும், நடைமுறையில் ஆண்டுக்கு ஒரு ரேபீஸ் ஊசி என்றாகிவிடுகிறது. நாட்டளவில் பார்த்தால், விலங்குகள் கருத்தடை விதிகள் 2023 வளர்ப்பு நாயின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை மூன்றையும் உரிமையாளரின் பொறுப்பாக்குகிறது. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று அது இலக்கம் போடவில்லை. ஆகவே இடைவெளியைத் தீர்மானிப்பது லேபிளும், மருத்துவர் எழுதும் தேதியும், உள்ளாட்சியின் உரிமக் கெடுவும்தான்.

மூன்று ஆண்டு லேபிள் எப்படி வந்தது

அமெரிக்காவில் இம்ராப், டிஃபென்சர், நோபிவாக் ஆகிய மூன்று ரேபீஸ் தடுப்பூசிகளும் ஓராண்டு லேபிளிலும் மூன்றாண்டு லேபிளிலும் விற்கின்றன. மூன்றாண்டு என்று எழுத வேண்டுமானால் உற்பத்தியாளர் அதை நிரூபிக்க வேண்டும். ஊசி போட்ட விலங்குகளை மூன்று ஆண்டு வைத்திருந்து, பிறகு வீரியமான ரேபீஸ் வைரஸைச் செலுத்திப் பார்ப்பார்கள். ஊசி போடாத ஒப்பீட்டுக் கூட்டத்தில் 80 சதவீதமாவது ரேபீஸில் சாக வேண்டும். ஊசி போட்ட 25-இல் குறைந்தது 22 தப்பிப் பிழைக்க வேண்டும். லேபிளில் உள்ள '3' என்ற எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு கடுமையான சோதனை இருக்கிறது. அந்த எண்ணை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

அந்த ஆதாரத்தை ஏற்றுக்கொண்டு டெக்சாஸ் மாநிலம் விதி எழுதியிருக்கிறது: நாய்க்கும் பூனைக்கும் 16 வாரம் முடிவதற்குள் முதல் ஊசி, அது போட்ட 12 மாதத்துக்குள் இரண்டாவது, அதன் பிறகு லேபிள் சொல்லும் ஒன்று அல்லது மூன்று ஆண்டு. கூடவே ஒரு வாசல் திறந்திருக்கிறது: நகரமோ கவுன்ட்டியோ (மாவட்டம் போன்ற பிரிவு) விரும்பினால் இதைவிடக் கடுமையாக, ஆண்டுதோறும் என்று வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தில் முதல் ஊசிக்கு நான்கு மாதக் கெடு. அங்கும் முதல் ஊசிக்கு ஓராண்டு ஆயுள்தான். குப்பியின் லேபிள் மூன்றாண்டு என்று சொன்னாலும், முதல் முறை போட்டது ஓராண்டில் காலாவதி. சென்னையில் பலருக்குப் பிடிபடாமல் போவது இந்த வரிதான். "மூணு வருஷ ஊசி" என்பது அங்கே இரண்டாவது ஊசியிலிருந்து தொடங்கும் சலுகை. முதல் ஊசிக்கு அது கிடைப்பதில்லை.

இதற்கு நேரெதிராக ஜப்பான். 1957-க்குப் பிறகு அந்நாட்டு விலங்குகளில் ரேபீஸ் இல்லை. ஆனாலும் 1950-இல் வந்த ரேபீஸ் தடுப்புச் சட்டம் 91 நாள் தாண்டிய ஒவ்வொரு நாய்க்கும் இன்றும் ஆண்டுக்கு ஒரு ஊசி கேட்கிறது. உள்ளாட்சி தரும் தகட்டைக் கழுத்துப்பட்டையில் மாட்ட வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு ஊசி இருந்தது, 1985-இல் ஒன்றாகக் குறைந்தது. நோயே இல்லாத நாட்டில் ஆண்டுதோறும். ஸ்கங்க் எனும் காட்டு விலங்கிலும் வௌவாலிலும் ரேபீஸ் நிலவும் டெக்சாஸில் மூன்றாண்டுக்கு ஒரு முறை. இடைவெளியை நோயின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆண்டு ஊசி ஒரு கணக்கெடுப்புக் கருவியும்கூட. எத்தனை நாய், எந்தத் தெரு, யார் பொறுப்பு என்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது உள்ளாட்சி தெரிந்துகொள்கிறது.

சென்னைக்கு ஆண்டு விதி ஏன் பொருந்துகிறது

எங்கள் கணிப்பில், இன்றைய நிலையில் சென்னைக்கு ஆண்டு விதியே சரி. காரணம் மருந்தின் மீது ஐயம் இல்லை. தமிழ்நாட்டில் 2024-இல் 43 பேர் ரேபீஸால் இறந்தார்கள். சென்னையின் தெருநாய் எண்ணிக்கை அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம். வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு கேட்டும், காலை நடையும்தான்.

தெருநாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி ஏன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணம் வேறு. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் இலக்கு. இந்தியாவின் 2030 இலக்கும் அதையொட்டியதே. தெருநாயின் ஆயுள் குறைவு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு செத்து, அந்த இடத்தில் ஊசி போடாத குட்டிகள் வந்தால், 70 என்பது மருந்து துளியும் வீரியம் இழக்காமலேயே ஓராண்டில் 47-க்கு இறங்கிவிடும். அங்கே தேய்வது நாய்க் கூட்டத்தின் மொத்தப் பாதுகாப்பு. வீட்டு நாயில் அந்தத் தேய்மானம் இல்லை, தவறிப்போவது தேதி.

இன்னொன்றும் உண்டு. எலிக்காய்ச்சல் எனும் லெப்டோஸ்பைரோசிஸுக்கான ஊசி எப்படியும் ஆண்டுக்கு ஒரு முறை போட்டாக வேண்டியது. அதன் பாதுகாப்பு ஓராண்டைத் தாண்டி நம்பக்கூடியதாக இல்லை. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. ஆண்டுக்கு ஒரு நாள் நாயை மருத்துவரிடம் தூக்கிப் போகத்தான் வேண்டும் என்றால், ரேபீஸை மட்டும் மூன்றாண்டுக் கணக்கில் விட்டு மறந்துபோவதில் என்ன லாபம்?

முதல் ஆண்டில்தான் ஓட்டை

தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் புரதங்கள் குட்டியின் ரத்தத்தில் மூன்று மாதம் வரை இருக்கலாம். அந்த நேரத்தில் ஊசி போட்டால் அவை மருந்தையே மடக்கிவிடும். குட்டியின் உடல் நோயை அடையாளம் கற்பதில்லை. அதனால்தான் முதல் ஊசிக்கு 12 வாரம் வரை காத்திருப்பது. தெருக்களில் நடக்கும் கூட்டு முகாம்களில் 12 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும் போடுகிறார்கள், போடத்தான் வேண்டும்; அந்தக் குட்டி மறுபடி கையில் சிக்காது. வீட்டில் வளரும் குட்டிக்கு அப்படிச் சின்ன வயதில் போட்டிருந்தால், 12 வாரம் கழிந்து இன்னொன்று போட்டே தீர வேண்டும். எட்டு வாரத்தில் விற்பவர் "ரேபீஸ் போட்டாச்சு" என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால், அதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

முதல் ஊசிக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் எதிர்ப்பாற்றல் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்பதே ரத்தப் பரிசோதனையில் போதுமானதாகக் கொள்ளும் அளவு. ஒரே ஊசி போட்ட இளநாய்கள் பலவற்றில் ஓராண்டு முடிவதற்குள் அது இதற்குக் கீழே போய்விடுகிறது. இரண்டாவது ஊசி போட்டதும் நினைவு அணுக்கள் விழித்து, அளவு முன்னைவிட மிக உயரத்துக்கு ஏறி, நீண்ட காலம் நிற்கும். அமெரிக்க விதிகள் மூன்றாண்டுக் கணக்கை இரண்டாவது ஊசியிலிருந்து தொடங்குவதும் இந்த இரண்டாம் ஏற்றத்தோடு பொருந்துகிறது.

ரேபீஸ் மிகுந்த பகுதிகளில் முதல் ஊசிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ஒரு பூஸ்டர் (வலுவூட்டும் மறு ஊசி) போடலாம் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல் சொல்வதும் இதனால்தான். சென்னையில் பல மருத்துவர்கள் இப்படியே செய்கிறார்கள். "ஒண்ணு போட்டாச்சே, மறுபடி காசு பிடுங்கறாங்க" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் மருத்துவரை நம்பலாம்.

இடறும் இடம் எது என்றால், முதல் ஆண்டு முடிவில் வரவேண்டிய ஊசி. குட்டிப் பருவத்தில் மூன்று மாதம் தொடர்ந்து மருத்துவமனைக்கு அலைந்த குடும்பம், அதன் பிறகு நாய் நன்றாகத் தின்று, ஓடி, வளர்ந்துவிட்டதைப் பார்த்து அட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறது. அந்த ஒன்று போனால் மற்ற கணக்கெல்லாம் சரிந்துவிடும்.

ஒரு குட்டியை வைத்துத் தேதிக் கணக்கு

2026 ஜனவரி 1-இல் பிறந்த குட்டி என்று வைத்துக்கொள்வோம். 12 வாரம் முடிவது மார்ச் 26. அன்று முதல் ரேபீஸ் ஊசி. நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 23-இல் பூஸ்டர். முதல் ஊசியின் பாதுகாப்பு உடனே வந்துவிடாது. ஐரோப்பிய விதிப்படி 21 நாளும், அமெரிக்க வழிகாட்டல்படி 28 நாளும் கழிந்தே அது செல்லுபடியாகும். ஏப்ரல் கடைசி வரை அந்தக் குட்டியைத் தெருநாய் உள்ள இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது.

மே 10-ஆம் தேதி உரிமம் எடுத்தால் அது 2027 மே வரை ஓடும். ஊசிக்கான அடுத்த தேதியோ 2027 ஏப்ரல் 23. இப்படிச் சில வாரம் உரிமம் இருந்தும் ஊசி காலாவதியான நிலை வந்துவிடும். மாநகராட்சிக்கு இது உடனே தெரியாமல் போகலாம்; ஆனால் அந்த இடைவெளியில் நாய் யாரையாவது கடித்தால், சான்றைக் கேட்கும்போது அகப்படும். எளிய வழி: உரிமம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே ஊசியைப் போட்டு, புதுச் சான்றோடு புதுப்பித்துவிடுவது. தேதிக்கு இரண்டு வாரம் முந்தினால் நாய்க்குக் கெடுதல் எதுவும் இல்லை.

சிப்பை எப்போது போடுவது? ஊசிக்கு முன், அல்லது அதே நாளில் முதலில் சிப், பிறகு ஊசி. 15 இலக்க எண், 134.2 கிலோஹெர்ட்ஸ், அரிசி மணி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில். போட்டவுடன் ரீடரில் படித்து எண்ணைச் சான்றில் எழுதச் சொல்ல வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது கடைசிப் பகுதியில் புரியும்.

சான்று திரும்பி வரும் காரணங்கள்

முதலிடம் குழப்பத்துக்கு: 'செவன் இன் ஒன்' ஊசியில் ரேபீஸ் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. டிஸ்டம்பர், பார்வோ, ஹெப்பாடிடிஸ், பாராஇன்ஃப்ளுயென்சா, லெப்டோ ஆகியவற்றுக்கானது அது. அதன் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தை ஏற்றினால் ரேபீஸ் சான்று ஆகாது. சில நிறுவனங்கள் லெப்டோவோடு ரேபீஸைச் சேர்த்தும் விற்பதால், ஸ்டிக்கரில் 'ரேபீஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, ஸ்டிக்கர் இருக்கும், தேதி இருக்காது. அல்லது தேதி இருக்கும், கையெழுத்து மட்டும் இருக்கும். மருத்துவரின் கவுன்சில் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்காது. ஊசி போட்டவர் மருத்துவரே இல்லாமல் கடைக்காரராகவோ உதவியாளராகவோ இருக்கும்போதுதான் இது பெரும்பாலும் நேர்கிறது. அந்த ஊசியில் மருந்து சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது உரிமத்துக்கு உதவாது, கடி வழக்கிலும் உதவாது.

முழுமையான சான்றில் இவை இருக்க வேண்டும்: உரிமையாளர் பெயரும் முகவரியும், நாயின் பெயர், இனம், பால், வயது, நிறம், சிப் எண், மருந்தின் பெயர், உற்பத்தியாளர், பேட்ச் எண், குப்பியின் காலாவதித் தேதி, போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை. குப்பியின் காலாவதித் தேதியையும் அடுத்த ஊசித் தேதியையும் மாற்றிப் படிப்பவர்கள் உண்டு. ஸ்டிக்கரில் அச்சாகியிருப்பது குப்பிக்கான தேதி. நாய்க்கான தேதியை மருத்துவர் கையால் எழுதுவார்.

குளிர், குலுக்கல், அளவு

ரேபீஸ் ஊசி செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டது. வெறும் வைரஸ் துகள்கள் உடலைப் போதுமான அளவு தூண்டாது என்பதால் அலுமினிய உப்பு சேர்த்திருப்பார்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெப்பத்தைப் பற்றி எல்லோருக்கும் கவலை உண்டு. உறைவதைப் பற்றித்தான் கவனம் போதாது. ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டிலோ, நேரடியாக ஐஸ் பேக் மேலோ குப்பியை வைத்தால் அலுமினிய உப்பு திரண்டு கட்டியாகிவிடும். உருகிய பிறகு பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் வீரியம் திரும்பாது. குலுக்கிவிட்டு வைத்தால் வழக்கத்தைவிட வேகமாக அடியில் படியும், திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தக் குப்பியைத் தூக்கிப் போடுவது ஒன்றே வழி. வீட்டுக்கே வந்து ஊசி போடுபவரிடம், மருந்தை எதில் எடுத்து வந்தார் என்று பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே அட்டையோ துணியோ இருக்க வேண்டும்.

போடும் முன் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். அலுமினிய உப்பு கீழே தங்கியிருந்தால் முதல் நாய்க்குத் தண்ணீரும் கடைசி நாய்க்குக் கெட்டியும் போகும். பத்து டோஸ் குப்பி பயன்படும் முகாம்களில் இது நிஜமான ஆபத்து. திறந்த குப்பியை லேபிள் சொல்லும் நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அளவு 1 மில்லி. சிவாவாவுக்கும் 1 மில்லி, கிரேட் டேனுக்கும் 1 மில்லி. "சின்ன நாய்தானே, பாதி போடுங்க" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: இது எடைக்கு ஏற்ப அளக்கும் மாத்திரை இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளக் குறைந்தபட்ச அளவு தேவை. பாதி போட்டால் நாய்க்குப் பாதி பாதுகாப்பு கிடைக்காது, எதுவுமே கிடைக்காமல் போகலாம்.

காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும், எதிர்வினை மங்கிவிடும். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருப்பது நல்லது. முகம் வீங்குவது, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், அப்போது மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சிறு முடிச்சு சில வாரம் இருந்து கரையும். பூனைக்கு அரிதாக அந்த இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு; அதனால் பூனைக்கு வலது பின்னங்காலில், முடிந்தவரை கீழே போடும் வழக்கம் அமெரிக்க மருத்துவர்களிடம் உள்ளது. சென்னையின் உரிமம் நாயைச் சுற்றியே பேசப்படுகிறது என்பதால் பூனைக்கு ஊசி வேண்டாம் என்று ஆகிவிடாது. மொட்டைமாடியில் திரியும் பூனைக்கும் கடி வாங்கும் வாய்ப்பு உண்டு.

தேதி தவறிவிட்டால்

பீதி வேண்டாம், முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். முன்பு ஊசி போட்ட நாய், தேதி தாண்டிய பிறகு பூஸ்டர் போட்டாலும் நன்றாகவே எதிர்வினை காட்டுகிறது என்பதை கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்க வழிகாட்டல் அதை ஏற்றுக்கொண்டு, தாமதமாகப் போட்டாலும் பூஸ்டர் போட்ட கணத்திலிருந்து அந்த நாயை நடப்பில் ஊசி உள்ளதாகவே கொள்கிறது. இங்கே செய்ய வேண்டியது: உடனே ஒரு ஊசி, புதுச் சான்று, அடுத்த தேதியை ஓராண்டில் குறிப்பது. குட்டிப் பருவத்தில் ஒரே ஊசி மட்டும் போட்டு, பிறகு இரண்டு மூன்று ஆண்டு விட்டுப்போன நாயானால், நான்கு வாரம் கழித்து இன்னொன்றும் போடச் சொல்லிக் கேட்கலாம். பழைய அட்டையைத் தூக்கி எறியக் கூடாது. முன்பு ஊசி போட்டதற்கான ஒரே சாட்சி அதுதான்.

கடி நேர்ந்தால் சான்று எங்கே உதவும், எங்கே உதவாது

வீட்டு நாயை ஐயத்துக்குரிய விலங்கு கடித்துவிட்டால், முதல் வேலை காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க வழிகாட்டல் இந்த இடத்தில் மிகக் கறார்: நடப்பில் ஊசி உள்ள நாய்க்கு உடனே ஒரு பூஸ்டர், 45 நாள் வீட்டிலேயே கண்காணிப்பு. ஊசியே போடாத நாய்க்குக் கருணைக்கொலை, இல்லையேல் நான்கு மாதம் கடுமையான தனிமை. ஒரு காகிதத்துக்கு இவ்வளவு விலை. இந்தியாவில் மருத்துவர்கள் கடிபட்ட நாய்க்கும் ஊசித் தொடர் போடுகிறார்கள்: முன்பு ஊசி போடாததற்கு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள், ஊசி உள்ளதற்கு 0, 3 ஆகிய இரண்டு நாள்.

வீட்டு நாய் ஒருவரைக் கடித்தால்? இங்கேதான் ஆபத்தான தவறு நடக்கிறது. "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு, நீங்க போட வேண்டாம்" என்று உரிமையாளர் சொல்லக் கூடாது, கடிபட்டவரும் கேட்கக் கூடாது. ஊசி தோற்றிருக்கலாம், குளிர் கெட்டிருக்கலாம், முதல் ஊசியாக இருந்து ஆற்றல் இறங்கியிருக்கலாம். கடிபட்டவர் 15 நிமிடம் சோப்பால் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரதம்) தேவை, அதைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். நாயைக் கட்டிவைத்து 10 நாள் பார்க்க வேண்டும். எச்சிலில் வைரஸ் வெளிவரும் கட்டத்தில் இருக்கும் நாய் அந்த 10 நாளுக்குள் நோய்க்குறி காட்டும், அல்லது சாகும். 10 நாளும் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள்; மீதித் தொடரை எப்படி அமைப்பது என்று மருத்துவர் முடிவு செய்வார். நாயின் சான்று அந்த முடிவுக்குத் துணை, மாற்று இல்லை.

நாயோடு வெளிநாடு போகிறவர்களுக்கு

ஊசித் தேதியில் ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்தியாவிலிருந்து நாய் போக வேண்டுமானால் வரிசை இது: முதலில் சிப், பிறகு ரேபீஸ் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரித்த ஆய்வகத்தில் டைட்டர் (எதிர்ப்புப் புரத அளவு) பரிசோதனை, அளவு 0.5 அல்லது அதற்கு மேல், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கிலேயே வராது, எத்தனை சான்று இருந்தாலும். அமெரிக்காவுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி: இந்தியா ரேபீஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய் ஆறு மாத வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சிப் வேண்டும், அமெரிக்கா குறித்த படிவத்தில் ஊசிச் சான்று வேண்டும், பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவு வேண்டும். டைட்டர் ரத்தம் முதல் ஊசிக்கு 30 நாள் கழித்தும், நுழைவுக்கு 28 நாள் முன்பும் எடுத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் 28 நாள் தனிமை.

ஒருமுறை டைட்டர் தேறிவிட்டால், அடுத்தடுத்த பூஸ்டர்கள் தேதி தவறாமல் போகும்வரை ஐரோப்பாவுக்கு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பூஸ்டர் ஒரு நாள் தாமதித்தாலும் அது முதல் ஊசியாகக் கணக்காகும். 30 நாள், ரத்தம், மூன்று மாதம் எல்லாம் மறுபடி. நாயின் ரத்தத்தில் அன்றைக்கு 5 அலகு இருந்தாலும் விதி அதைப் பார்க்காது. ஆகவே வெளிநாட்டு வேலைக்கான கடிதம் கைக்கு வரும் முன்பே, இன்றே அட்டையை எடுத்து இரண்டு தேதிகளைப் பாருங்கள்: சிப் போட்ட நாள், ரேபீஸ் ஊசி போட்ட நாள். இரண்டாவது முதலாவதுக்கு முந்தியிருந்தால், இன்னொரு ஊசியிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டியிருக்கும். பயணத்துக்கு ஐந்து மாதமாவது முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.